செவ்வாயின் கருந்திட்டுகள்

மார்கழிப் பனியில் மொட்டை மாடியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டோ, அறியேன். இயற்பியல் மூன்றாமாண்டு மாணவனாகிய எனக்கே அப்பழக்கம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில்தான் ஏற்பட்டது. அம்மாதம் 12ஆம் நாள் செவ்வாய்க் கோள் பூமிக்கு அருகே வந்தது. அருகே என்றால் சுமார் 9 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர்! 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் 5 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் வரை வந்ததே, அத்தகைய நெருக்கம் அன்று. ஆயினும் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு அல்லவா! துறை அலமாரியில் நெடுநாளாகத் துணி போர்த்திக் கிடந்த ஆறங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கியைப் பேராசிரியர் அவர்கள் மாடிக்கு ஏற்றச் செய்தார். விடுதி மாணவர்களாகிய எங்களுக்கு ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தார். தாளில் ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தது. “பார்ப்பதை வரையுங்கள்; பார்க்காததை வரையாதீர்கள்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் சில இரவுகள் ஏமாற்றமே. ஒரு ரூபாய் நாணயத்தை முந்நூறு மீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே அன்றைய செவ்வாய். தொலைநோக்கி அதை நூற்றைம்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டினாலும், காற்றின் அலைப்பில் அந்த ஆரஞ்சு நிற வட்டம் கொதிக்கும் நீரில் கிடக்கும் காசுபோல் நெளிந்தது. வட்டத்தின் கீழ் விளிம்பில் வெண்மையாய் ஒரு பொட்டு தெரிந்தது. அது வடதுருவத்துப் பனி. அதற்கு மேல் அங்கங்கே மங்கலான நிழல்கள். அவ்வளவுதான்.

செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகிறது. ஆகவே நேற்று ஒன்பது மணிக்குக் கண்ட முகம் இன்று ஒன்பதே முக்கால் மணி அளவில்தான் நேரே வரும். இப்படி நாளுக்கு நாள் பிந்திப் பிந்தி, ஐந்தாறு வாரங்களில் கோளின் எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்துக்கு நம் முன் வந்து போகும். நான் காத்திருந்தது ‘சிர்ட்டிஸ் மேஜர்’ என்னும் கருந்திட்டுக்காக. செவ்வாயில் மிகத் தெளிவாகத் தெரியும் திட்டு அதுதான் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்து, அதன் படத்தையும் மனத்தில் பதித்து வைத்திருந்தேன். முக்கோண வடிவம், கூர்முனை மேல்நோக்கி இருக்கும்.

ஒருநாள் இரவு அது வந்தது. வந்ததாக நினைத்தேன். நடுவட்டத்தில் ஒரு கருமை. உடனே பென்சிலை எடுத்து, அழகான முக்கோணம் ஒன்றை, கூர்முனை மேல்நோக்கி இருக்க, நிழல் தீட்டி வரைந்தேன். அடியில் வெண்பனிப் பொட்டையும் வைத்தேன். நண்பர்கள் என் படத்தைக் கண்டு வியந்தார்கள். பேராசிரியர் அதைக் கைவிளக்கில் நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதை எங்கே பார்த்து வரைந்தாய்? மாடியிலா, நூலகத்திலா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தகைய தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்பது பள்ளிப் பாடம். சிர்ட்டிஸ் மேஜரின் கூர்முனை வடக்கு நோக்கியது. அன்று எங்கள் தொலைநோக்கியில் வடக்கு கீழே இருந்தது என்பதற்கு அடி விளிம்பில் இருந்த பனியே சாட்சி. அப்படியானால் முனையும் பனியை நோக்கி, நம் இந்தியத் தீபகற்பம்போல், கீழ்நோக்கித்தானே கூர்ந்திருக்க வேண்டும்? நானோ பனியைக் கண்ணால் கண்டபடியும், முக்கோணத்தைப் புத்தகத்தில் கண்டபடியும் வரைந்திருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரையவில்லை. வரைந்தபோது அதைக் கண்டதாகவே நம்பினேன். அதுதான் என்னை வருத்தியது.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “உனக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதே கோளைப் பார்த்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். போய்ப் படி” என்றார். படித்தேன். இக்கட்டுரை அதன் விளைவே.

செவ்வாயின் கருந்திட்டை முதன்முதலில் அடையாளம் தெரியும்படி வரைந்தவர், நாம் அலைக் கொள்கையில் படிக்கும் அதே ஹைகென்ஸ். 1659ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் அவர் வரைந்த படத்தில் சிர்ட்டிஸ் மேஜர் இருக்கிறது. அத்திட்டு நகர்ந்து மீண்டும் வருவதைக் கொண்டே, செவ்வாயின் நாளும் நம் நாளும் ஏறத்தாழ ஒரே அளவு என்று அவர் முடிவு கட்டினார். பின்னர் 1704ஆம் ஆண்டிலும் 1719ஆம் ஆண்டிலும் மரால்டி என்பார் கூர்ந்து நோக்கி, இத்திட்டுகள் நிலையாக ஒரே வடிவில் இருப்பதில்லை என்று கண்டார். சந்திரனின் களங்கம் பாட்டி காலத்தில் இருந்தபடியே இன்றும் இருக்கிறது. செவ்வாயின் களங்கமோ மாறுகிறது! மாறுவது எதனால் என்ற கேள்வி அன்று தொடங்கியது. அதற்கு உருப்படியான விடை கிடைக்க இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் கருப்பெல்லாம் கடல், சிவப்பெல்லாம் நிலம் என்றனர். கடலானால் கதிரவன் ஒளி பட்டு ஓரிடத்தில் கண்ணாடிபோல் பளிச்சிட வேண்டாமா என்று சிலர் கேட்டனர். 1860ஆம் ஆண்டிலேயே லியே என்ற பிரெஞ்சு வானியலார், அவை கடல்கள் அல்ல, செடிகொடிகள் அடர்ந்த நிலம் என்று கூறினார். 1892ஆம் ஆண்டில் பிக்கரிங் என்பார் கருந்திட்டுகளின் உள்ளேயும் கோடுகள் ஓடுவதாகக் கண்டபின் கடல் கொள்கை வற்றிப்போயிற்று. கடலுக்குள் எப்படி வாய்க்கால் ஓடும்?

அந்தக் கோடுகளின் கதை தனிக் கதை. 1877ஆம் ஆண்டு செவ்வாய் மிக நெருங்கி வந்தபோது, இத்தாலியின் மிலான் நகரில் சியாபரெல்லி என்ற வானியலார் அதன் வரைபடத்தைப் புதிதாக வரைந்தார். இன்றைக்கும் நாம் வழங்கும் பெயர்கள் பலவும் அவர் இட்டவையே. திட்டுகளை இணைக்கும் மெல்லிய கோடுகளை அவர் ‘கனாலி’ என்றார். அவருடைய மொழியில் அச்சொல் இயற்கையான ஓடைக்கும் பொருந்தும், மனிதர் வெட்டிய கால்வாய்க்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாயாகவே போய்ச் சேர்ந்தது. சூயசுக் கால்வாய் திறந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு நாகரிகமே பிறந்துவிட்டது!

அந்த நாகரிகத்துக்கு முடிசூட்டியவர் பெர்சிவல் லோவல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செல்வர். 1894ஆம் ஆண்டில் அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் என்னும் ஊரில் செவ்வாய்க்கென்றே ஒரு வானாய்வகம் கட்டினார். அவர் சொன்ன விளக்கம் மிகச் செம்மையானது. அதனால்தான் ஆபத்தானது என்பேன். வசந்தத்தில் துருவப்பனி சுருங்குகிறது. அதைத் தொடர்ந்து கருந்திட்டுகள் துருவத்துப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கருக்கின்றன. வானியலார் இதனைக் கருமை அலை என்றனர். பூமியில் வசந்தம் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து துருவத்தை நோக்கிப் போகிறது, செவ்வாயிலோ எதிர்த்திசை. ஏன்? அங்கே வெப்பம் பஞ்சமில்லை, தண்ணீர்தான் பஞ்சம்; தண்ணீர் துருவத்திலிருந்து வருவதால் பசுமையும் அங்கிருந்தே தொடங்குகிறது. அத்தண்ணீரைக் கொண்டுவரவே செவ்வாய் மக்கள் கால்வாய் வெட்டினர். ஆற்றுநீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று காத்திருந்து பழகிய நம் நாட்டு விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே நம்பியிருப்பார். நானும் அந்நாளில் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

நம்பாதவர்களும் இருந்தனர். கிரீன்விச் வானாய்வகத்தைச் சேர்ந்த மாண்டர் 1903ஆம் ஆண்டில் வேடிக்கையான ஒரு சோதனை செய்தார். ஒரு வட்டத்தில் ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் தீட்டி, பள்ளிச் சிறுவர் முன் மாட்டி, வெவ்வேறு தொலைவில் உட்கார வைத்து, பார்த்தபடி வரையச் சொன்னார். வட்டத்தில் ஒரு நேர்கோடும் கிடையாது. கிட்டே இருந்தவர்கள் புள்ளிகளை வரைந்தனர். மிகத் தூரத்தில் இருந்தவர்கள் ஒன்றும் வரையவில்லை. இடைத்தொலைவில் இருந்த பலர் கால்வாய்கள் வரைந்தனர்! இதை நான் எங்கள் வகுப்பிலேயே செய்து பார்த்தேன். கரும்பலகையில் தாளை ஒட்டி, இரண்டாமாண்டுத் தம்பிகளை வரையச் சொன்னேன். பின் பெஞ்சுக்காரர்கள் சிலர் நேர்கோடு போட்டுத் தந்தார்கள். அவர்களில் ஒருவனும் செவ்வாயைப் பற்றிப் படித்தவனல்லன் என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

1909ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பாரிசு நகருக்கு அருகிலுள்ள மியூடன் ஆய்வகத்தின் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அந்தோனியாடி செவ்வாயைப் பார்த்தார். அன்று காற்று அபூர்வமாக அசையாதிருந்தது. கோடுகள் எல்லாம் உதிர்ந்து, கணக்கற்ற சிறு புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் தெரிந்தன. அத்தோடு கால்வாய்களின் மதிப்புக் குறைந்தது. ஆனால் பசுமைக் கொள்கை சாகவில்லை. செந்நிறத்தின் அருகில் சாம்பல் நிறத்தை வைத்தால் நம் கண் அதைப் பச்சையாகக் காணும். இது கண்ணின் இயல்பு. அந்தப் பச்சையை நிசமென்றே பலர் எழுதி வந்தனர்.

பசுமைக் கொள்கைக்கு மிக வலுவான வாதத்தைத் தந்தவர் எஸ்தோனியாவில் பிறந்த ஓப்பிக். 1950ஆம் ஆண்டில் அவர் கேட்டார்: செவ்வாயில் புழுதிப்புயல் வீசுவதைப் பார்க்கிறோம். அப்புழுதி எங்கும் படியத்தானே வேண்டும்? இத்தனை காலத்தில் கருந்திட்டுகள் புதைந்து கோள் முழுவதும் ஒரே நிறமாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஆகையால் அத்திட்டுகளுக்குப் புழுதியை உதறிக்கொண்டு எழும் ஆற்றல் உண்டு. உதறி எழுவது உயிர்தானே? படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. விடை தவறு என்பது வேறு விஷயம்.

1956ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் சின்டன் என்பார் செவ்வாயின் அகச்சிவப்பு நிறமாலையில், செடிகளில் உள்ள கரிமப் பொருள்களுக்குரிய உட்கவர் பட்டைகள் தெரிவதாக அறிவித்தார். 1965ஆம் ஆண்டில் உண்மை வெளிவந்தது. அவற்றுள் முக்கியமான பட்டைகள் செவ்வாயிலிருந்து வந்தவை அல்ல; நம் பூமியின் காற்றிலேயே உள்ள, ஒரு வகைக் கன ஹைட்ரசன் கலந்த நீராவியின் வேலை. அத்திருத்தத்தை வெளியிட்ட மூவரில் சின்டனும் ஒருவர். தன் பெயரால் வழங்கிய கண்டுபிடிப்பைத் தானே கையெழுத்திட்டுக் கீழிறக்கினார். இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவரே.

அதே 1965ஆம் ஆண்டு ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயின் அருகே பறந்து 22 படங்கள் அனுப்பியது. கால்வாய் இல்லை, காடு இல்லை, சந்திரனில் உள்ளதுபோல் பள்ளங்கள்! காற்றழுத்தமோ நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மாறும் திட்டுகளின் மர்மம் மட்டும் அப்படியே நின்றது. காற்று அள்ளிச் செல்லும் சாம்பலே இத்திட்டுகள் என்று மக்லாஃப்லின் 1954ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தார். அப்போது அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் கார்ல் சேகனும் பொல்லாக்கும் ‘எல்லாம் புழுதியின் விளையாட்டு’ என்ற கருத்தைக் கணக்கோடு முன்வைத்தனர்.

1971ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மாரினர்-9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. வேறொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம் அதுதான். போய்ச் சேர்ந்த வேளையோ, கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்த வேளை. துருவப்பனியும் நான்கு கரும்புள்ளிகளும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அப்புள்ளிகள் புழுதிக்கு மேலே தலை நீட்டிய நான்கு எரிமலைகளின் உச்சிகள் எனப் பின்னர் தெரிந்தது. புயல் அடங்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். புழுதி இறங்கியபின் கிடைத்த படங்களில்தான் விடை இருந்தது. பள்ளங்களின் பின்புறம், காற்று போகும் திசையில், வால்போல் நீண்ட கீற்றுகள். சில வெளிறியவை, சில கறுத்தவை. ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில் மீண்டும் படமெடுத்தபோது கீற்றுகளின் வடிவம் மாறியிருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் இக்கீற்றுகள் திரண்டு தெரிவதே திட்டு.

இதன் பௌதிகத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செவ்வாயின் கருநிலம் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லும் அதன் மணலும். சிர்ட்டிஸ் மேஜரே ஒரு பழைய, தட்டையான எரிமலைதான். வெளிறிய செந்நிறம் என்பது இரும்புத்துரு ஏறிய நுண்புழுதி. அதன் துகள் மைக்ரான் கணக்கிலானது, முகப்பவுடரைவிட மென்மையானது. நம் ஊரில் ஆடிக்காற்று அடித்து ஓய்ந்தபின் வாசலில் நிற்கும் கறுப்பு மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பாருங்கள். ஒரு முடியின் கனத்துக்குப் புழுதி படிந்தாலே கறுப்பு மறைந்துவிடும். கையால் ஒரு கோடு இழுத்தால் கறுப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும். செவ்வாயில் அந்தக் கை, காற்று.

ஆனால் அவ்வளவு மெல்லிய காற்று புழுதியை எப்படிக் கிளப்பும்? மிக நுண்ணிய தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அதைக் கிளப்புவதே கடினம். முதலில் அசைவது மணல். மணல் துள்ளித் துள்ளி விழும்போது புழுதியை மோதிக் கிளப்புகிறது. கிளம்பிய புழுதி காற்றோடு போய்விடுகிறது, மணல் தரையிலேயே நின்றுவிடுகிறது. எனவே எங்கே மணல் இருந்து காற்றும் வலுவாக அடிக்கிறதோ, அங்கே நிலம் தானே துடைக்கப்பட்டுக் கறுப்பாக நிற்கிறது. ஓப்பிக் கேட்ட ‘உதறி எழும் ஆற்றல்’ இதுதான். கேள்வி முழுக்கச் சரி. உதறுவது செடியன்று, மணல். தூசிச்சுழல்களும் தம் பங்குக்குக் கருங்கோடு கிழித்துச் செல்கின்றன.

பருவத்தோடு மாறுவது ஏன்? செவ்வாயின் பாதை நீள்வட்டம். கதிரவனுக்கு மிக அருகில் இருக்கும்போது, மிகத் தொலைவில் இருக்கும்போதைக் காட்டிலும் 40 விழுக்காட்டுக்கு மேல் அதிக ஒளி பெறுகிறது. அந்தக் காலத்தை ஒட்டியே பெரும்புயல்கள் எழுகின்றன. புயலுக்குப்பின் புழுதி படிந்து எங்கும் வெளுக்கும். பிறகு காற்று துடைக்கத் துடைக்கக் கருமை திரும்பும். ஆண்டுதோறும் துருவத்திலிருந்து ஒழுங்காகப் புறப்படும் கருமை அலை என ஒன்று விண்கலப் படங்களில் இல்லை. பக்கத்து நிலம் வெளுக்கும்போது திட்டு கறுத்ததாகத் தோன்றியதே பெரும்பகுதி. நாளுக்கு நாள் ஒப்பிட்டு நோக்கிய அத்தனை கண்களும் ஏமாந்திருக்கின்றன.

இம்மாற்றம் சிறியதன்று. 1970களின் வைக்கிங் படங்களையும் 1999-2000 ஆண்டுப் படங்களையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, 5 கோடியே 60 லட்சம் சதுர கிலோமீட்டர் வரையிலான பரப்பு பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வெளுத்தோ கறுத்தோ போயிருக்கிறது. கோளின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! கறுத்த நிலம் அதிக வெப்பத்தை உட்கவரும். அதனால் காற்று சூடேறி மேலும் வீசும் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது.

புழுதியால் வாழ்ந்ததும் மடிந்ததும் உண்டு. ஆப்பர்ச்சுனிட்டி என்ற ஊர்தி 2004ஆம் ஆண்டில் செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்கியது. பழைய வரைபடங்களில் ‘நடுக்கோட்டு வளைகுடா’ என்று கடலாகக் குறித்திருந்த கருந்திட்டுப் பகுதி அதுவே. கதிரவன் ஒளித் தகடுகளில் புழுதி படிந்து 90 நாளில் ஓய்ந்துவிடும் என்று கணக்கிட்டனர். காற்று அவ்வப்போது தகடுகளைத் துடைத்துவிட, பதினான்கு ஆண்டுகள் ஓடியது. 2018ஆம் ஆண்டு ஜூனில் எழுந்த பெரும்புயலில் ஒளியின்றி மௌனமாயிற்று. நம் நாட்டின் மங்கள்யான் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, மிக நீண்ட வட்டணையில் சென்றதால் கோளின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் காட்டியது. அதன் தொடர்பு 2022ஆம் ஆண்டில் அற்றது. அத்திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கதை முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். முடியவில்லை. 2010ஆம் ஆண்டில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் நம்மைப்போல் இளநிலை படித்துக்கொண்டிருந்த நேபாளத்து மாணவர் லுஜேந்திர ஓஜா, செவ்வாயின் செங்குத்துச் சரிவுகளில் கோடையில் நீண்டு குளிரில் மறையும் கருங்கீற்றுகளைப் படங்களில் கண்டார். உப்புநீர் கசிகிறதோ என்ற எண்ணம் பிறந்தது. 2015ஆம் ஆண்டில், அக்கீற்றுகளில் நீரேறிய உப்புகள் இருப்பதாக அறிவிப்பு வந்தபோது உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் ‘செவ்வாயில் தண்ணீர்’ என்று எழுதின. 2017ஆம் ஆண்டில் சரிவின் கோணத்தை அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? அக்கீற்றுகள் உலர்ந்த மணல் சரியக்கூடிய செங்குத்தான இடங்களில் மட்டுமே ஓடி, சரிவு தணியுமிடத்தில் நின்றுவிடுகின்றன. தண்ணீர் அப்படி நிற்காது. இன்னும் கீழே ஓடும். மறுபடியும் மணல்! ஓஜா பார்த்தது பொய்யன்று. கருங்கீற்று அங்கே இருக்கிறது, நீள்கிறது, மறைகிறது. அதன்மேல் நாம் ஊற்றிய தண்ணீரைத்தான் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்தபின் பேராசிரியரிடம் போய் இன்னொரு தாள் கேட்டேன். அன்றிரவு பனி அதிகம். பத்து மணிக்குமேல்தான் வட்டம் சற்று அசையாமல் நின்றது. அடியில் வெண்பொட்டு. நடுவில் ஒரு மங்கல். கீழ்ப்பக்கம் சற்றுக் குறுகுவதுபோல் இருந்தது. குறுகுகிறதா என்று உறுதியாகத் தெரியாததால் அவ்விடத்தில் கோடு போடாமல், விரலால் தேய்த்து மட்டும் விட்டேன். பார்க்க நன்றாகவே இல்லை. பேராசிரியர் அதில் நாள், மணி, கண்ணாடியின் விட்டம், ‘பனிமூட்டம்’ என்றெல்லாம் என்னையே எழுத வைத்து, துறைப் பதிவேட்டில் ஒட்டச் சொன்னார். முதல் படத்தைக் கிழித்துவிடலாமா என்றேன். அதையும் பக்கத்திலேயே ஒட்டு என்றார். அடுத்து செவ்வாய் 2027ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் கதிரவனுக்கு நேரெதிரே வரும். அப்போது வரைய வரும் தம்பி தங்கைகளுக்காகப் பதிவேட்டின் எதிர்ப்பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது.